எந்தக் கணக்கிலும் எழுதப்படாத காயம்

பேரதிர்ச்சியால் வரும் மனநோயின் செலவை யார் சுமக்கிறார்கள்?

புணே: முப்படையினருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்குமான தனி மனநலத் தொலைபேசி ஆலோசனை மையம் 2023 டிசம்பர் 1-ஆம் தேதி புணேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் திறக்கப்பட்டது. முப்படைத் தலைமைத் தளபதி அனில் சௌஹான் அதைத் தொடங்கி வைத்தார். மத்திய சுகாதார அமைச்சகத்தின் "டெலி-மானஸ்" திட்டத்தின் கீழ், இரண்டு ஆண்டுக்கால சோதனை முயற்சியாக இந்த மையம் அமைக்கப்பட்டது. இதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் பாதுகாப்பு அமைச்சகமும் சுகாதார அமைச்சகமும் 2024 மார்ச் 27-ஆம் தேதி தில்லியில் கையெழுத்திட்டன.

போர்முனையிலும் எல்லையிலும் பணியாற்றுவோரின் மனக்காயத்துக்கு அரசு ஒரு தனி வாசலைத் திறந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இரு அமைச்சகங்களின் ஆண்டு நிதிநிலை அறிக்கைகளையும் புரட்டிப் பார்த்தால் ஒரு கேள்விக்கு விடை கிடைக்காது. இந்த நோயால் நாடு ஆண்டுதோறும் எவ்வளவு இழக்கிறது என்பதே அக்கேள்வி. வெள்ளத்தில் சேதமான பயிருக்குக் கணக்கு இருக்கிறது. நிலச்சரிவில் புதைந்த வீட்டுக்கும் குண்டுவெடிப்பில் துண்டான கைக்கும் கணக்கு இருக்கிறது. அதே வெள்ளத்தையும் நிலச்சரிவையும் குண்டுவெடிப்பையும் கண்டு, பின்னர் ஆண்டுக்கணக்கில் உறங்க முடியாமலும் வேலைக்குச் செல்ல முடியாமலும் போனவரின் இழப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாத செலவை இல்லாத செலவாகவே ஆட்சியாளர்கள் கருதிவந்துள்ளனர்.

நோயின் இயல்பு

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய், சுருக்கமாக பி.டி.எஸ்.டி., 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் முதன்முறையாக இப்பெயரில் இடம்பெற்றது. வியத்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நிலையே அதற்கு முக்கியத் தூண்டுதல். அதற்கு முன்பும் நோய் இருந்தது. முதல் உலகப் போரின்போது அதைக் "குண்டதிர்ச்சி" என்று அழைத்தனர். அக்காலத்தில் அதைக் கோழைத்தனம் என்று தண்டித்தவர்களும் உண்டு.

நடந்து முடிந்த கொடிய நிகழ்வு மீண்டும் மீண்டும் கண்முன் நிகழ்வதுபோலத் தோன்றுவது இதன் முதல் அடையாளம். அந்நிகழ்வை நினைவூட்டும் இடம், ஒலி, மனிதர் ஆகியவற்றைத் தவிர்த்து ஒதுங்குவது இரண்டாவது. எந்நேரமும் ஆபத்தை எதிர்நோக்கி உடல் விறைத்திருப்பது மூன்றாவது. உறக்கம் கெடுகிறது, சினம் பெருகுகிறது, கவனம் சிதறுகிறது. பலருக்கு மனச்சோர்வும் மதுப்பழக்கமும் உடன் சேர்கின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலக மக்களில் ஏறத்தாழ 70 சதவீதத்தினர் வாழ்நாளில் ஒருமுறையேனும் பேரதிர்ச்சி தரக்கூடிய நிகழ்வைச் சந்திக்கின்றனர். அவர்களில் மிகச் சிலரையே, அதாவது சுமார் 5.6 சதவீதத்தினரையே இந்நோய் பற்றுகிறது. மொத்த மக்கள்தொகையில் இது 3.9 சதவீதம். போரும் வன்முறையும் நேர்ந்த இடங்களில் இவ்விகிதம் மும்மடங்குக்கும் மேல் உயர்ந்து 15.3 சதவீதமாகிறது. நோயுற்றோரில் 40 சதவீதம் பேர் வரை ஓராண்டுக்குள் குணமடைகின்றனர். எஞ்சியோருக்கு அது நீடித்த நோயாகிறது. குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் நால்வரில் ஒருவருக்கே சிகிச்சை கிட்டுகிறது.

செலவு எங்கே விழுகிறது?

இந்நோயின் முழுச் செலவையும் ஒரு நாடு முழுமைக்குமாகக் கணக்கிட முயன்ற ஆய்வு அமெரிக்காவில் 2022-இல் வெளியானது. 2018-ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டுக்கு ஏற்பட்ட கூடுதல் சுமை 23,220 கோடி டாலர் என்று அது மதிப்பிட்டது. நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 19,630 டாலர். அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 13 லட்சம் ரூபாய்.

அந்த ஆய்வின் இரண்டு முடிவுகள் இந்திய வாசகர்களுக்கு முக்கியமானவை. முதலாவது, மொத்தச் சுமையில் 82 சதவீதம் ராணுவத்துக்கு வெளியே, சாதாரணக் குடிமக்கள் மீது விழுகிறது. விபத்து, பாலியல் வன்முறை, இயற்கைப் பேரிடர், குடும்ப வன்முறை ஆகியவற்றுக்கு ஆளானவர்கள் அவர்கள். இரண்டாவது, செலவின் வடிவம் ஆளுக்கேற்ப மாறுகிறது. ராணுவத்தினரிடையே பெரும்பகுதி ஊனத்துக்கான உதவித்தொகையாக அரசின் கருவூலத்திலிருந்து செல்கிறது. குடிமக்களிடையே மருத்துவச் செலவுக்கு அடுத்த பெரிய இழப்பு வேலையின்மை. அது மட்டும் 4,270 கோடி டாலர்.

இந்த எண்களை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்துவது தவறாகும். அங்கே மருத்துவச் செலவும் ஊதியமும் வேறு. காப்பீடும் உதவித்தொகையும் வேறு. ஆனால் செலவின் வகைகள் ஒன்றே. மருத்துவமனைக் கட்டணம், இழந்த கூலி, பாதியில் நின்ற படிப்பு, முன்கூட்டியே பெற்ற ஓய்வு, நோயாளியைக் கவனிக்க வேலையை விட்ட மனைவி அல்லது தாய், மதுவுக்குச் சென்ற பணம், தற்கொலையில் முடிந்த வாழ்வு என்று அவை நீளும். வேறுபாடு ஒன்றுதான். அங்கே இச்செலவில் பெரும்பங்கு அரசின் புத்தகங்களிலும் காப்பீட்டு நிறுவனங்களின் புத்தகங்களிலும் பதிவாகிறது. இங்கே அது குடும்பத்துக்குள்ளேயே கரைகிறது.

பெங்களூரில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு இதற்குச் சான்று. வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதையும், நோய்க்கேற்ப 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை பெறாமலே இருப்பதையும் அது வெளிப்படுத்தியது. சிகிச்சைக்கும் அதற்கான பயணத்துக்கும் மட்டும் குடும்பங்கள் மாதந்தோறும் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை செலவிட்டதையும் அது பதிவு செய்தது. தினக்கூலிக் குடும்பத்துக்கு இது பல நாள் வருமானம். 12 மாநிலங்களில் நடத்தப்பட்ட அந்த ஆய்வில் தமிழ்நாடு இருந்தது. மகாராஷ்டிரம் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

மனநலக் கோளாறுகள் அனைத்தாலும் 2012 முதல் 2030 வரையிலான காலத்தில் இந்தியாவுக்கு ஏற்படும் பொருளாதார இழப்பு 1.03 லட்சம் கோடி டாலராக இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2024 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை மனநலத்தைப் பொருளாதாரப் பிரச்னையாகவே எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசியது. நிதியமைச்சகத்தின் ஆவணம் ஒன்றில் இது இடம்பெற்றது நல்ல மாற்றம். ஆனால் பேரதிர்ச்சியால் வரும் நோயின் பங்கு அதில் எவ்வளவு என்பதை எவரும் தனியே பிரித்துச் சொன்னதில்லை.

கிள்ளாரி முதல் மாலின் வரை

இப்படிப் பிரித்துப் பார்க்கும் முயற்சிக்கு ஓர் அடித்தளம் புணேயிலேயே முப்பது ஆண்டுகளுக்கு முன் இடப்பட்டது. 1993 செப்டம்பர் 30-ஆம் தேதி அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர், உஸ்மானாபாத் மாவட்டங்களை உலுக்கிய கிள்ளாரி நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். உலக வங்கிக் கடனுதவியுடன் 1994-இல் மாபெரும் மறுவாழ்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. கிராமங்கள் இடம்பெயர்த்துக் கட்டப்பட்டன; இலட்சக்கணக்கான வீடுகள் பழுதுபார்க்கப்பட்டன.

அதே காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நிலநடுக்கத்தின் மனநல விளைவுகளை ஆராயும் உயராய்வு மையம் ஒன்றைப் புணேயில் உள்ள மகாராஷ்டிர மனநல நிறுவனத்தில் அமைத்தது. நாடக, திரைப்பட நடிகராகப் பலர் அறிந்த மனநல மருத்துவர் மோகன் ஆகாஷே அம்முயற்சியில் முன்னின்றார். கிள்ளாரியில் உயிர்தப்பியோரிடையே நடந்த மற்றொரு சிறு ஆய்வு 1996-இல் அமெரிக்க மனநல மருத்துவ இதழில் வெளியானது. ஆராயப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு மனநோய் இருந்தது; அவற்றில் முதன்மையானவை பி.டி.எஸ்.டி.யும் மனச்சோர்வும்.

எத்தனை பேர் நோயுற்றனர் என்பது இவ்வாறு ஓரளவு தெரிந்தது. அவர்கள் எத்தனை நாள் கூலியை இழந்தனர், எத்தனை ஏக்கர் உழாமல் கிடந்தது, எத்தனை குழந்தைகள் பள்ளியை விட்டனர் என்னும் அடுத்த கேள்வி மறுவாழ்வுத் திட்டத்தின் செலவுக் கணக்கில் இடம்பெறவில்லை.

அதன் பிறகும் புணே தன் பங்குக்கு அதிர்ச்சிகளைக் கண்டது. 2010 பிப்ரவரி 13-ஆம் தேதி மாலை கோரேகாவ் பூங்காப் பகுதியில் உள்ள ஜெர்மன் பேக்கரியில் குண்டு வெடித்து 17 பேர் உயிரிழந்தனர். 2014 ஜூலை 30-ஆம் தேதி காலை புணே மாவட்டம் ஆம்பேகாவ் வட்டத்தில் உள்ள மாலின் கிராமத்தின் மீது மலை சரிந்தது. பழங்குடியினர் பெருமளவில் வாழ்ந்த அச்சிற்றூரில் 151 பேர் மண்ணில் புதைந்து மாண்டனர். வழக்கமாக அவ்வழியே வரும் அரசுப் பேருந்தின் ஓட்டுநர் ஊரையே காணாமல் திகைத்துத் தகவல் சொன்ன பிறகுதான் வெளியுலகம் அறிந்தது. 2017 ஏப்ரலில் உயிர்தப்பியோருக்குப் புதிய குடியிருப்பு ஒப்படைக்கப்பட்டது.

வீடு கட்டித் தருவது முதல் தேவை, அதில் ஐயமில்லை. ஆனால் மலையடிவார நெல் விவசாயிக்கு மழைக்காலமே உழைப்பின் காலம். அதே மழைதான் மலையைச் சரித்தது. மழை ஒலி கேட்டதும் உடல் நடுங்குபவரால் நாற்று நட முடியாது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கிய பின் நாகப்பட்டினம் கரையில், புதிய படகும் வலையும் கிடைத்தும் கடலில் இறங்க அஞ்சியவர்களின் நிலையும் இதுதான். உழைப்பதற்கான கருவியை அரசு கொடுக்கிறது. அதைத் தொடும் துணிவு திரும்பும்வரை குடும்பம் எதைக்கொண்டு வாழும் என்பதற்குத் திட்டத்தில் இடமில்லை.

பேரிடரைக் காட்டிலும் நாள்தோறும் நடப்பவை அதிகம். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாட்டின் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். 18 முதல் 49 வயது வரையிலான, மணமான பெண்களில் 29.3 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதை ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு பதிவு செய்தது. இவர்கள் அனைவரும் நோயாளிகள் அல்லர். ஆனால் நோய் பிறக்கும் களம் எவ்வளவு அகன்றது என்பதை இந்த எண்கள் உணர்த்துகின்றன.

கை, கால், கண்

இழப்பீட்டு விதிகளைப் படித்தால் அரசின் பார்வை தெளிவாகும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து உதவி வழங்க 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு மத்திய உள்துறை அமைச்சகம் வகுத்த நெறிமுறைப்படி, உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். உறுப்பு அல்லது கண் இழந்து 40 முதல் 60 சதவீதம் ஊனமுற்றவருக்கு 74,000 ரூபாய். 60 சதவீதத்துக்கு மேல் என்றால் 2.5 லட்சம் ரூபாய். கடுங்காயத்தால் ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்தால் 16,000 ரூபாய்; அதற்குக் குறைந்தால் 5,400 ரூபாய். உறுப்பும் கண்ணும் பட்டியலில் உள்ளன. மனம் இல்லை.

பயங்கரவாதத்தால் பாதிக்கப்படும் குடிமக்களுக்கான மத்திய உதவித் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. உதவித்தொகை 2016-இல் 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. உயிரிழப்புக்கும், 50 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனத்துக்குமே அது பொருந்தும். குண்டுவெடித்த உணவகத்தில் உடற்காயமின்றித் தப்பி, பிறகு கூட்டமான இடங்களுக்குச் செல்ல முடியாமல் வேலையை இழந்த ஊழியர் இந்த வரையறைக்குள் எளிதில் நுழைய முடியாது.

இத்தனைக்கும் பேரிடர்க் காலத்தில் மனநல உதவி எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2009-ஆம் ஆண்டிலேயே தனி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மனநோயையும் ஊனமாக ஏற்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் நிறைவேறியது. வழிகாட்டு நெறியும் சட்டமும் ஒரு திசையில் செல்ல, பணம் வழங்கும் பட்டியல் பழைய இடத்திலேயே நின்றது.

கட்கியின் பழைய நிறுவனங்கள்

புணேயை அடுத்த கட்கியில் ராணுவத்தினரின் மறுவாழ்வுக்கான இரு நிறுவனங்கள் உள்ளன. ஒன்று, முதல் உலகப் போரில் ஊனமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்குத் தொழில் கற்பிக்க 1917-இல் பம்பாயில் தொடங்கப்பட்டுப் பின்னர் இங்கு மாற்றப்பட்ட குயின் மேரீஸ் தொழில்நுட்ப நிறுவனம். மற்றொன்று, தண்டுவடக் காயத்தால் செயலிழந்த வீரர்களுக்கான மறுவாழ்வு மையம், 1974-இல் நிறுவப்பட்டது. காலிழந்த சிப்பாயை அப்படியே ஊருக்கு அனுப்பினால் அவர் குடும்பத்துக்குச் சுமையாவார், தொழில் கற்பித்தால் தானே ஈட்டுவார் என்னும் எளிய பொருளாதாரத்தை நூறாண்டுக்கு முன்பே அரசு ஏற்றுக்கொண்டதன் அடையாளம் இவை. கண்ணுக்குத் தெரியாத காயத்துக்கு அதே நியாயம் எட்டுவதற்கு நெடுங்காலம் ஆனது.

ஓய்வூதிய விதிகளிலும் இந்தத் தயக்கம் வெளிப்பட்டது. ஊன ஓய்வூதியம் பெற, நோய் ராணுவப் பணியால் வந்தது அல்லது பணியால் தீவிரமடைந்தது என்று நிறுவப்பட வேண்டும். குண்டு துளைத்த தோளுக்கு இதில் சிக்கல் இல்லை. மனநோய் என்றால், அது பிறவியிலேயே உள்ள இயல்பு என்று மருத்துவக் குழு எழுதிவிட்டால் ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழங்கிய இரு தீர்ப்புகள் இதை மாற்றின. பணியில் சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையெனில், பின்னர் வந்த நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். மெய்ப்பிக்கும் சுமை சிப்பாய் மீது இல்லை என்று ஒரு தீர்ப்பு கூறியது. 1970-களில் மனநோயைக் காரணம் காட்டி விடுவிக்கப்பட்ட சிப்பாயின் வழக்கில், மருத்துவ அறிக்கையை மறுபரிசீலனை செய்யுமாறு மற்றொன்று ஆணையிட்டது. அந்தச் சிப்பாய் அதற்காகக் காத்திருந்தது முப்பது ஆண்டுகளுக்கும் மேல்.

2023 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் ஊன ஓய்வூதியத்துக்குப் புதிய விதிகளை வெளியிட்டபோது முன்னாள் ராணுவத்தினர் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். செலவைக் கட்டுப்படுத்துவது அரசின் கடமைதான். ஆனால் ஓய்வூதியத்தை மறுப்பதால் நோயின் செலவு குறைவதில்லை. கருவூலத்திலிருந்து சிப்பாயின் மனைவியிடம் அது இடம் மாறுகிறது, அவ்வளவே.

மத்திய ஆயுதக் காவல் படைகளின் நிலையும் கவலைக்குரியது. நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட விவரப்படி, 2018 முதல் 2022 வரையிலான ஐந்து ஆண்டுகளில் இப்படைகளைச் சேர்ந்த 654 பேர் தற்கொலை செய்துகொண்டனர். ஏறத்தாழ இதே காலத்தில் 50,155 பேர் பணியை விட்டு விலகினர். இவை அனைத்துக்கும் பேரதிர்ச்சியே காரணம் என்று சொல்ல முடியாது. விடுப்பு கிடைக்காமை, குடும்பச் சிக்கல், கடன் எனக் காரணங்கள் பல. ஆயினும் மாவோயிஸ்டுகளின் பதுங்குத் தாக்குதல்களையும் கண்ணிவெடிகளையும் கண்டவர்கள் இவர்களில் பலர் உள்ளனர். பயிற்சி தந்து உருவாக்கிய ஒருவர் விலகும்போது, அப்பயிற்சிக்கான மக்கள் பணமும் உடன் செல்கிறது.

யாழ்ப்பாணம் காட்டியது

புணே தமிழர் வரலாற்றிலும் இடம்பெற்ற நகரம். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படைக்கு முதலில் ஒட்டுமொத்தத் தளபதியாக இருந்தவர், புணேயைத் தலைமையிடமாகக் கொண்ட ராணுவத்தின் தென்பிராந்தியத் தளபதி தீபிந்தர் சிங். அப்போரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தனர். திரும்பி வந்தவர்களில் எத்தனை பேர் மனக்காயத்துடன் வந்தனர் என்பதற்கு முழுமையான பொதுக்கணக்கு வெளிவந்ததில்லை.

மறுகரையில், அப்போரையும் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றையும் கண்ட பொதுமக்களின் மனநிலையை யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அவரது ஆய்வு நூல் 1998-இல் வெளியானது. தனி மனிதர் நோயுறுவதோடு இது நிற்பதில்லை என்பதும், ஒரு சமூகமே கூட்டாகக் காயமுறும் என்பதும் அவரது முக்கிய முடிவு. அயலார் மீதான நம்பிக்கை, ஊர்ப் பொறுப்பு, முன்முயற்சி ஆகியவை தேய்கின்றன.

இதன் பொருளாதாரப் பொருள் எளிதானது. கடன் கொடுக்கவும் கூட்டாகத் தொழில் நடத்தவும் சந்தைக்குச் செல்லவும் நம்பிக்கை வேண்டும். போருக்குப் பின் சாலையும் பாலமும் கட்டினால் வளர்ச்சி தானே வரும் என்று கருதும் அரசுகள் இதைக் கவனிக்கத் தவறுகின்றன. 2023 மே முதல் இனக்கலவரத்தால் பல்லாயிரம் பேர் முகாம்களுக்குப் பெயர்ந்த மணிப்பூருக்கும் இப்பாடம் பொருந்தும்.

சிகிச்சைக்கு ஆகும் செலவு

இந்நோய் தீராத நோய் அன்று. அதிர்ச்சி நினைவுகளை மையப்படுத்திய பேச்சுவழிச் சிகிச்சைகள் நல்ல பலன் தருகின்றன. மனச்சோர்வுக்குத் தரப்படும், பொதுப்பெயரில் மலிவாகக் கிடைக்கும் மாத்திரைகள் பலருக்கு உதவுகின்றன. பெரிய கருவிகளோ அறுவைச் சிகிச்சையோ தேவையில்லை. பயிற்சி பெற்ற மனிதர்களும் அவர்களின் நேரமும் தேவை.

அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பணக்கணக்காகவே காட்டியது. இராக், ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பியோரின் பி.டி.எஸ்.டி., மனச்சோர்வு ஆகியவற்றால் இரண்டு ஆண்டுகளில் ஏற்படும் செலவு 400 கோடி முதல் 620 கோடி டாலர் வரை. நோயுற்ற அனைவருக்கும் சான்றுகளின் அடிப்படையிலான சிகிச்சை அளித்தால், சிகிச்சைச் செலவு போக 170 கோடி டாலர் மிச்சமாகும். மனச்சோர்வு, பதற்ற நோய்களின் சிகிச்சையில் இடும் ஒவ்வொரு டாலருக்கும் நான்கு டாலர் திரும்பும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் தெரிவித்தது.

இந்தியாவில் தடைகள் வேறு. லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவரே உள்ளதை நாடாளுமன்ற நிலைக்குழு 2023-இல் சுட்டிக்காட்டியது. குறைந்தது மூவர் வேண்டும். புணேயின் எரவாடா மனநல மருத்துவமனை நாட்டின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஆனால் பேரதிர்ச்சி நோயாளிக்கு வேண்டியது படுக்கையைவிட, வட்டத் தலைநகரில் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் கேட்கக்கூடிய ஓர் ஆலோசகர்.

காப்பீடும் இதே இடத்தில்தான் இடறுகிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்தது. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையமும் 2018 ஆகஸ்டில் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. எனினும் வழக்கமான காப்பீடுகளும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. பி.டி.எஸ்.டி. சிகிச்சை பெரும்பாலும் புறநோயாளியாகவே பெறுவது. சட்டம் தந்த உரிமை, பாலிசியின் வரையறையில் நழுவிப் போகிறது.

நிதி ஒதுக்கீடும் ஏறுமுகமாக இல்லை. 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி-மானஸ் திட்டத்துக்கு 2023-24 நிதிநிலை அறிக்கையில் சுமார் 134 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2024-25-இல் அது 90 கோடியாகக் குறைந்தது. பொருளாதார ஆய்வறிக்கை மனநலத்தின் இன்றியமையாமையை வலியுறுத்திய அதே ஆண்டில் இது நடந்தது.

கணக்கெழுதத் தொடங்க வேண்டும்

டெலி-மானஸ் திட்டத்தின் வெற்றியாக அரசு அடிக்கடி அறிவிப்பது வந்த அழைப்புகளின் எண்ணிக்கையை. அது தேவையான தகவல், போதுமானதன்று. அழைத்தவர் சிகிச்சையில் சேர்ந்தாரா, தொடர்ந்தாரா, ஆறு மாதத்துக்குப் பின் பணியில் இருக்கிறாரா என்பதே செலவைச் சொல்லும் கேள்வி. புணே மையத்தின் முயற்சியை இந்த அளவுகோல்களால் மதிப்பிட்டு, தனிநபர் விவரங்களை நீக்கி, முடிவுகளை வெளியிட்டால் நாட்டிலேயே முதல் நம்பகமான கணக்கு அதிலிருந்து பிறக்கக்கூடும். படைவீரர்களின் பணி விவரமும் மருத்துவ விவரமும் ஒரே அமைப்பிடம் இருப்பதால் இது அங்கே இயலும்.

பேரிடர் நிவாரணப் பட்டியலில் உறுப்பு, கண் என்பதோடு, மருத்துவர் சான்றளித்த மனநலப் பாதிப்பையும் சேர்ப்பது இரண்டாவது தேவை. ஒருமுறை வழங்கும் தொகையைவிட, ஓராண்டுக் காலச் சிகிச்சைக்கும் பயணத்துக்குமான உதவி பயனுள்ளதாக இருக்கும். மறுவாழ்வுத் திட்டங்களின் மதிப்பீட்டில் சிறு விகிதத்தை இதற்கென ஒதுக்குவது பெரும் சுமையாகாது. புறநோயாளிச் சிகிச்சையைக் காப்பீட்டுக்குள் கொண்டுவருவது மூன்றாவது. தேசிய மனநல ஆய்வுகள் இனி வேலை நாள் இழப்பையும், கவனிப்பவர் இழந்த வருமானத்தையும் மாநில வாரியாகக் கேட்டறிய வேண்டும் என்பது நான்காவது.

மனத்துயரைப் பணத்தால் அளப்பது இரக்கமற்ற செயல் என்று சிலர் கருதலாம். நிதி ஒதுக்கும் மேசையில் கணக்கு இல்லாத துயரத்துக்கு இடம் கிடைப்பதில்லை என்பதே இதுவரையிலான அனுபவம். மாலினில் சரிந்த மண்ணின் அளவு கணக்கிடப்பட்டது; கட்டிய வீடுகளின் செலவு தணிக்கைக்கு உட்பட்டது. எஞ்சிய செலவை உயிர்தப்பியவர்களும் அவர்தம் குடும்பங்களும் நாள்தோறும் தம் கூலியிலிருந்து செலுத்தி வருகின்றனர். அதற்கு ரசீதும் இல்லை. அடுத்த நிதிநிலை அறிக்கைகளிலாவது அத்தொகைக்கு ஒரு தலைப்பு பிறக்குமா என்பதற்கு விடை தில்லியிடமும் மும்பையிடமும் உள்ளது.